ஒரே தரகர், இரண்டு வீடு: 60 நாளும் 90 நாளும்

சென்னை மடிப்பாக்கத்திலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விவரங்களை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

இரண்டாவது மாடியில், லிஃப்ட் இல்லாத எட்டு வீட்டுக் குடியிருப்பில் அவருடைய ஃப்ளாட். 2006இல் 14 லட்சத்துக்கு அவர் பேரில் வாங்கியது. வங்கிக் கடன் இன்னும் 9 லட்சம் பாக்கி. மாமியாருக்கு முழங்கால் அறுவை சிகிச்சை ஆனதிலிருந்து படி ஏற முடியவில்லை. ஆகவே இதை 60 லட்சத்துக்கு விற்று, மேடவாக்கம் பக்கம் லிஃப்ட் உள்ள, ஆறு வருடப் பழைய ஃப்ளாட் ஒன்றை 85 லட்சத்துக்கு வாங்க யோசனை. கணவர் பேரில் 30 லட்சம் கடன் கிடைக்கும். "60ம் 30ம் 90 ஆச்சு, 5 லட்சம் கையில் நிற்கும்" என்று கணக்குப் போட்டிருக்கிறார்.

இரண்டையும் முடித்துத் தருவதாக ஒரு தரகர் முன்வந்திருக்கிறார். சொந்த ஊர்க்காரர், 'அண்ணன்' என்று கூப்பிடும் பழக்கம். விற்பதற்கு அவர் சொல்லும் வழி இரண்டு. ஒன்று, 2 சதவீதக் கமிஷன், அட்வான்ஸ் வாங்கும் அன்றே முழுதாக. இன்னொன்று, "57 லட்சம் நெட்டா எடுத்துக்குங்க தங்கச்சி, மேல வர்றது என் சாமர்த்தியம்." இரண்டாவதற்கு ஒத்துக்கொண்டால் 2 லட்சம் அட்வான்ஸ் கொடுத்து, தன் பேரில் அல்லது தான் சொல்பவர் பேரில் 90 நாளில் கிரயம் என்று ஒப்பந்தம் போட்டுக்கொள்வாராம். மேடவாக்கம் வீட்டுக்கு 5 லட்சம் அட்வான்ஸ், 60 நாளில் முடிக்க வேண்டும், அதற்கும் 2 சதவீதம். "விற்ற பணத்தில் உடனே வாங்காவிட்டால் வரிச் சலுகை போய்விடும்" என்று அவசரப்படுத்துகிறார். "ரெரா நம்பர் (வீடு, மனை விற்பனையை ஒழுங்குபடுத்தும் சட்டத்தின் பதிவு எண்) வைத்திருக்கிறார், பயமில்லைதானே? இரண்டுக்கும் ஒரே ஆள் இருந்தால் நல்லதுதானே?" என்பது வாசகியின் கேள்வி.

அன்புள்ள சகோதரிக்கு,

ஒரே ஆளிடம் இரண்டையும் கொடுப்பதில் சட்டத் தடை எதுவும் இல்லை. நம் ஊரில் தரகர் இரு தரப்பிலும் கமிஷன் வாங்குவது ஊரறிந்த வழக்கம். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது வேறு ஒன்று. விற்பதற்கு 90 நாள், வாங்குவதற்கு 60 நாள். அந்த இரண்டு எண்களையும் ஒரு தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். பணம் உங்கள் கைக்கு வருவதற்கு ஒரு மாதம் முன்பே நீங்கள் அதைக் கொடுத்தாக வேண்டும். "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்று அண்ணன் சொல்லியிருப்பார். 61ஆம் நாள் மேடவாக்கத்துக்காரர் உங்கள் 5 லட்சத்தைத் திருப்பித் தர முடியாது என்று சொன்னால், பார்த்துக்கொள்ள வேண்டியது நீங்கள்தான்.

முதலில் உங்கள் கணக்கு

தரகர் நல்லவரா கெட்டவரா என்று பார்ப்பதற்கு முன்னால் இதை முடித்துவிடுவோம். 60 லட்சத்துக்கு விற்றால் 60 லட்சம் உங்களுக்கு வராது. கடன் 9 லட்சம் போகும். 2 சதவீதக் கமிஷன் 1.20 லட்சம் போகும். மிஞ்சுவது 49.80 லட்சம். விலை 50 லட்சத்தைத் தொடுவதால் வாங்குபவர் ஒரு சதவீதம், அதாவது 60,000 ரூபாயை டி.டி.எஸ். என்று உங்கள் வருமான வரிக்காக முன்பே பிடித்துக்கொண்டுதான் தருவார். அது பிறகு உங்கள் வரிக் கணக்கில் வரவாகும்; கிரயத்தன்று கையில் இருக்காது.

வாங்கும் பக்கம் வாருங்கள். பழைய ஃப்ளாட்டை மறு கிரயமாக வாங்கும்போது தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 5, மாற்று வரி 2, பதிவுக் கட்டணம் 2 என்று மொத்தம் 9 சதவீதம். 85 லட்சத்துக்கு 7.65 லட்சம். அரசின் வழிகாட்டி மதிப்பு அதைவிடக் கூட இருந்தால் அதன்மேல் கணக்கு. தரகருக்கு 1.70 லட்சம். ஆக 94.35 லட்சம் வேண்டும். உங்களிடம் இருப்பது 49.80ம் கடன் 30ம் சேர்த்து 79.80. கையில் 5 லட்சம் நிற்காது; 14.55 லட்சம் இடிக்கும். உங்கள் வசதிக்குச் சரியான வீடு 70 லட்சத்தை ஒட்டியது. மரவேலை, பெயிண்ட், வீடு மாற்றும் லாரிக்கூலி எல்லாம் நான் சேர்க்கவே இல்லை.

இந்தக் கணக்கு தெரியாத தரகர் சென்னையில் கிடையாது. இருந்தும் 85 லட்ச வீட்டைத்தான் உங்களிடம் காட்டியிருக்கிறார்.

அவருக்கு எதில் லாபம்?

அவரைத் திருடர் என்று நான் சொல்லவில்லை. அவருடைய பிழைப்பு எதில் ஓடுகிறது என்று மட்டும் பாருங்கள். நீங்கள் கேட்கும் 60 லட்சத்தில் 2 லட்சம் குறைந்தால் உங்களுக்கு நஷ்டம் 2 லட்சம். இரு தரப்பிலும் 2 சதவீதம் வாங்குகிறவருக்கு அதில் குறைவது 8,000 ரூபாய். வியாபாரம் முடிந்தால் அவருக்கு 2.40 லட்சம். 8,000 ரூபாய்க்காக அவர் எதற்கு ஒரு மாதம் காத்திருக்க வேண்டும்? "கொஞ்சம் இறங்கி வாங்க தங்கச்சி" என்று உங்களைத்தான் இறக்குவார். வாங்கும் வீட்டில் இது தலைகீழாகும். அங்கே விலை ஏறினால் கமிஷனும் ஏறும்.

இரண்டு வியாபாரமும் ஒரே கையில் இருக்கும்போது இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. மேடவாக்கம் வீடு கைநழுவிவிடக் கூடாது என்ற உங்கள் பதற்றம் அவருக்குத் தெரியும். அந்தப் பதற்றத்தை வைத்தே மடிப்பாக்கம் வீட்டின் விலையைக் குறைக்க வைக்க முடியும். தனித்தனி ஆட்களாக இருந்தால், விற்றுத் தருபவருக்கு நீங்கள் எதை வாங்கப் போகிறீர்கள் என்பதே தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

ஆகவே என் யோசனை: விற்பதற்கு இவரையே வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் தெருவில் ஆள் பழக்கம் உள்ளவர் என்பதால். வாங்குவதற்கு வேறு தரகர், அல்லது வீட்டுக்காரரிடம் நேராகப் பேச்சு. மேடவாக்கம் வீட்டை இவர்தான் காட்டினார் என்றால் அதை வாங்கும்போது அவருக்குரிய கமிஷனைத் தருவதுதான் நியாயம், மறைத்து வாங்காதீர்கள். ஆனால் அந்த வீடு உங்கள் கணக்குக்கு ஒத்து வரவில்லை என்பதால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

நெட் ரேட் வேண்டவே வேண்டாம்

உங்கள் கடிதத்திலேயே ஆபத்தான பகுதி இதுதான். 57 லட்சத்துக்குத் தன் பேரிலோ தான் சொல்பவர் பேரிலோ ஒப்பந்தம் போட்ட நிமிடத்தில் அவர் தரகர் இல்லை, உங்கள் வீட்டை வாங்குகிறவர். உங்களுக்காகப் பேசும் ஆள் அதோடு காலி.

சில வருடங்களுக்கு முன் கொளத்தூரிலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். 58 லட்சம் நெட் என்று கையெழுத்துப் போட்டவர். சார்பதிவாளர் அலுவலகத்து வராந்தாவில் டோக்கனுக்குக் காத்திருக்கும்போதுதான் கிரயப் பத்திரத்தைப் படித்திருக்கிறார். அதில் விலை 64 லட்சம். வாங்குபவர் வங்கிக் கடனில் வாங்குவதால் உண்மை விலையைத்தான் எழுத முடியும். "உங்க அக்கவுண்ட்ல 64 வரும், 6 லட்சத்துக்கு எனக்கு ஒரு செக் போட்டுருங்க" என்று தரகர் பேனாவை நீட்டியிருக்கிறார். 6 லட்சம் போனதைவிட அந்த அம்மாவை அதிகம் வதைத்தது அடுத்த வருடம் வந்த வரிக் கணக்கு. பத்திரப்படி அவர் விற்ற விலை 64 லட்சம்தானே!

இன்னொரு சிக்கல். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்தாக வேண்டும். பதிவானால், சொத்தின் மேல் உள்ள பதிவுகளைக் காட்டும் வில்லங்கச் சான்றில் அது ஏறிவிடும். 90 நாளில் அவர் ஆள் பிடிக்கவில்லை என்றால் நீங்களாகப் போய் அதை நீக்கிவிட முடியாது. ரத்துப் பத்திரத்துக்கு அவரும் வந்து கையெழுத்துப் போட வேண்டும். அதுவரை வேறு யார் வாங்க வந்தாலும் அவர்களுடைய வங்கி அந்தப் பதிவைக் காட்டித் திருப்பி அனுப்பும். போதாததற்கு, 2018இல் திருத்தப்பட்ட சட்டப்படி, ஒப்பந்தத்தை நிறைவேற்றச் சொல்லி 'ஏற்றதை ஆற்றுதல்' வழக்குப் போட்டால், "அட்வான்ஸைத் திருப்பி வாங்கிக்கொள்" என்று நீதிமன்றம் தன் விருப்பப்படி சொல்லி அனுப்புவது முன்போல எளிதல்ல. 2 லட்சம் அட்வான்ஸில் உங்கள் வீட்டையே பூட்டி வைக்க முடியும்.

இதோடு சேர்த்து, உங்களுக்குப் பதில் அவர் கையெழுத்துப் போட 'பவர்' எழுதிக் கொடுக்கச் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். நீங்கள் உள்ளூரில் இருக்கிறீர்கள், கையெழுத்துப் போட நடந்து போகலாம். பவர் எதற்கு?

ரெரா நம்பர் என்ன செய்யும், என்ன செய்யாது

ரெரா என்ற 2016ஆம் ஆண்டுச் சட்டம், அதில் பதிவாக வேண்டிய புதிய திட்டங்களில் வீடு, மனை விற்றுத் தரும் ஏஜென்டுகள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்கிறது. உங்கள் எட்டு வீட்டுப் பழைய கட்டடம் அந்த வகையில் வராது. அவரிடம் எண் இருப்பது நல்லதுதான், தொழிலைப் பகிரங்கமாகச் செய்கிறார் என்று அர்த்தம். தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் பெயரைத் தேடி, காலாவதி ஆகவில்லையே என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த எண் உங்கள் விலைக்கோ, மேடவாக்கம் வீட்டுப் பத்திரத்துக்கோ உத்தரவாதம் இல்லை. கமிஷன் இத்தனை சதவீதம் என்றும் அந்தச் சட்டம் சொல்வதில்லை. பேசிக் குறைக்கலாம். 1 சதவீதத்தில் தொடங்குங்கள்.

உங்களுக்குத் துணை வருவது அதைவிட மூத்த சட்டம், 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம். வேறு ஏற்பாடு எழுதிக்கொள்ளாதவரை, ஒப்படைத்த வேலை முடிந்த பிறகுதான் முகவருக்குக் கூலி. அட்வான்ஸ் அன்றே முழுக் கமிஷன் என்பதற்கு நீங்கள் சம்மதித்தால் மட்டுமே அது செல்லும். உங்களிடம் சொல்லாமல் தனக்காகவே அந்தச் சொத்தில் வியாபாரம் பண்ணினால் அதை நீங்கள் மறுக்கலாம், அவர் அடைந்த ஆதாயத்தையும் கேட்கலாம். 'சொல்லாமல்' என்பதைக் கவனியுங்கள். நெட் ரேட்டுக்குத் தெரிந்தே கையெழுத்துப் போட்டவருக்கு இந்தக் கதவு ஏறக்குறைய மூடிவிடும்.

அவரிடம் எழுதி வாங்க வேண்டியவை

வாய்ப்பேச்சில் விடாதீர்கள். ஒரு பக்கம் போதும். விற்பனைக்கு மட்டும் 60 நாள் இவருக்கு. அதற்குள் உங்கள் உறவிலோ நட்பிலோ நீங்களே ஆள் பிடித்தால் கமிஷன் இல்லை. கமிஷன் கிரயம் பதிவாகும் அன்று, வங்கி மூலம். வந்த எல்லா விலைக் கேட்பையும் உங்களிடம் சொல்ல வேண்டும். வாங்க வருகிறவர் அவருடைய உறவினர் அல்லது கூட்டாளி என்றால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். பத்திரங்களின் நகல் மட்டும் கொடுங்கள். உங்கள் அசல் எப்படியும் வங்கியில்தான் இருக்கிறது, அந்த மட்டில் நிம்மதி.

ஊர்க்காரரிடம் இதையெல்லாம் நீட்டக் கூச்சமாக இருக்கும். பழியை என் மேல் போட்டுவிடுங்கள். "அந்த வக்கீலம்மா இதுல கையெழுத்து வாங்காம எதுவும் பண்ணக்கூடாதுன்னு சொல்லிட்டாங்கண்ணே." இதைச் சொல்லி யாருடைய உறவும் முறிந்து நான் பார்த்ததில்லை.

60 லட்சம் சரியான விலைதானா என்று அவரை மட்டும் கேட்காதீர்கள். பதிவுத்துறை இணையதளத்தில் உங்கள் சர்வே எண்ணுக்கு வில்லங்கம் போட்டால், உங்கள் கட்டடத்திலும் பக்கத்திலும் சமீபத்தில் நடந்த கிரயங்களின் தொகை தெரியும். பத்திரத்தில் எழுதியதெல்லாம் உண்மை விலை என்று நம்பும் அப்பாவி இல்லை நான். வங்கிக் கடனில் வாங்கியவற்றை மட்டும் பாருங்கள். அவை ஓரளவு நிஜத்தை ஒட்டியிருக்கும். "பத்து லட்சம் வெளியே ரொக்கமா வாங்கிக்கலாம்" என்ற பேச்சு வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். சொத்துக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், அது அட்வான்ஸாக இருந்தாலும், வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம் உண்டு.

நாட்களை எப்படி அடுக்குவது

முதலில் உங்கள் வீட்டுக்கு ஒப்பந்தம், 90 நாள். வாங்குபவரின் வங்கிக் கடன் அனுமதிக் கடிதத்தைக் கண்ணால் பார்த்த பிறகுதான் நீங்கள் வேறு வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்க வேண்டும். அந்த ஒப்பந்தத்துக்கு 120 நாள் கேளுங்கள். பத்திரத்தில் குறை இருந்தாலோ, அதனால் வங்கி கடன் மறுத்தாலோ 15 நாளில் அட்வான்ஸ் முழுதும் திரும்ப வேண்டும் என்று ஒரு வரி அதில் இருக்க வேண்டும். இந்த ஒரு வரிக்காக ஒரு வீடு கைவிட்டுப் போனால் போகட்டும்.

உங்கள் பழைய கடன் 9 லட்சத்தை வாங்குபவரின் வங்கியே நேராக அடைத்துவிடலாம், அல்லது அட்வான்ஸ் பணத்தில் நீங்கள் அடைக்கலாம். பின்னதுதான் எனக்குப் பிடிக்கும், அசல் பத்திரம் முன்பே வீட்டுக்கு வந்துவிடும். கடன் முழுதும் அடைந்த 30 நாளுக்குள் வங்கி அசலைத் தர வேண்டும், அதன் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி 2023 டிசம்பரிலிருந்து விதி வைத்திருக்கிறது. 30 நாள் என்பது 90இல் மூன்றில் ஒரு பங்கு, ஆகவே இதை முதல் வாரத்திலேயே தொடங்குங்கள். எம்.ஓ.டி. (அசல் பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்துக் கடன் வாங்கியதற்கான ஆவணம்) பதிவாகியிருந்தால் அதற்கான ரசீதையும் பதிவு செய்து, வில்லங்கத்தில் ஏறியதா என்று பாருங்கள்.

இரண்டு கிரயத்தையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். இரண்டு சார்பதிவாளர் அலுவலகம், இரண்டு டோக்கன், நடுவில் வங்கியில் பணம் ஏற வேண்டும். ஒரு கம்ப்யூட்டர் மக்கர் செய்தால் போதும். விற்ற பிறகு ஒரு மாதம் அதே வீட்டில் இருந்துகொள்ள அனுமதி கேளுங்கள். வீட்டை வாங்கியவரிடம் ஒரு லட்சம் ரூபாயை டெபாசிட்டாகக் கொடுத்து, சாவி தரும் தேதியைத் தனித்தாளில் எழுதிக்கொண்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

வாங்கும் பக்கத்தில் தாய்ப்பத்திரம், 30 வருட வில்லங்கம், யு.டி.எஸ். (நிலத்தில் அந்த ஃப்ளாட்டுக்கு உரிய பங்கு), நிறைவுச் சான்று எல்லாவற்றையும் உங்களுக்கென்று ஒரு வழக்கறிஞர் பார்க்க வேண்டும். தரகர் கூட்டி வருகிறவர் வேண்டாம். வங்கியின் வழக்கறிஞர் பார்ப்பதும் வங்கிக்காகத்தான். அங்கே வாங்குபவர் நீங்கள் என்பதால், விலை 50 லட்சமோ அதற்கு மேலோ இருந்தால் ஒரு சதவீத டி.டி.எஸ். பிடித்துக் கட்டும் பொறுப்பு உங்களுடையது.

வரிக்கு இவ்வளவு அவசரம் இல்லை

விற்ற உடனே வாங்காவிட்டால் வரிச் சலுகை போய்விடும் என்பது பாதி உண்மைகூட இல்லை. வீடு விற்ற லாபத்துக்கான வருமான வரியில், 54ஆம் பிரிவு என்று எல்லோரும் சொல்லிப் பழகிய சலுகைப்படி, விற்ற தேதியிலிருந்து இரண்டு வருடத்துக்குள் வாங்கினால் போதும். விற்பதற்கு ஒரு வருடம் முன்பே வாங்கியிருந்தாலும் சரி. அந்த வருடத்து வரிக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதிக்குள் லாபத் தொகையைச் செலவிட்டிருக்காவிட்டால், வங்கியில் மூலதன ஆதாயக் கணக்குத் திட்டத்தில் போட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். விற்கும் வீடு உங்கள் பேரில் இருப்பதால், வாங்கும் வீட்டிலும் உங்கள் பேர் இருக்கட்டும். கடன் கணவர் பேரில் என்பதற்காக வீட்டையும் அவர் பேரில் மட்டும் எழுதிவிட்டால் சலுகையில் தகராறு வரும்.

இந்த இரண்டு வருட அவகாசம் இருப்பதால்தான், நீங்கள் கடிதத்தின் கடைசியில் ஒரே வரியில் தள்ளிவிட்ட வழியை மறுபடி எடுத்துப் பார்க்கச் சொல்கிறேன். விற்றுவிட்டு, தரைத்தளத்தில் ஒரு வாடகை வீட்டுக்குப் போவது. "சொந்த வீட்டை வித்துட்டு இந்த வயசுல வாடகைக்கா" என்று மாமியார் வருத்தப்படுவதாக எழுதியிருக்கிறீர்கள். புரிகிறது. வாடகை, இரண்டு முறை சாமான் ஏற்றி இறக்கும் செலவு, எதிர்பாராமல் வீட்டு விலை ஏறிவிடும் அபாயம் எல்லாம் உண்டு. ஆனால் கையில் பணத்தோடு, தேதி நெருக்கடி இல்லாமல், 70 லட்சத்துக்குள் வீடு பார்க்கிறவரிடம் எந்தத் தரகரும் 'இன்னிக்கே அட்வான்ஸ் போடுங்க' என்று மிரட்ட முடியாது. அதோடு மாமியார் படி ஏறி இறங்கும் கஷ்டம் வாடகை வீட்டுக்குப் போன அன்றே தீரும். லிஃப்ட் வீடு அமையும்வரை அவர் இரண்டாவது மாடியில் அடைந்து கிடக்க வேண்டியதில்லை. 11 மாத ஒப்பந்தம், தரைத்தளம், குளியலறைக்குப் படி இல்லாமல். முடிந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு போய் வீடு பாருங்கள். எதை முடிவு செய்தாலும், கையெழுத்துக்கு முன் இரண்டு ஒப்பந்தங்களின் வரைவையும் ஒரு வழக்கறிஞரிடம் ஒன்றாகக் கொடுத்து, தேதிகளை மட்டுமாவது ஒத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.